தொம்மலூரில் மூச்சுவிடும் என் தலை

முகத்தில் அந்தப் பசையை அப்பும்போது கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார்கள். பல் டாக்டர்கள் பல்லுக்கு அச்செடுக்க வைத்திருப்பார்களே, அதே ரோஸ் நிறப் பசை. குளிர்ச்சியாக இருந்தது. மூக்குத் துளை இரண்டிலும் ஸ்ட்ரா மாதிரி இரண்டு குழாய்த் துண்டுகள். அதன் வழியாகத்தான் மூச்சு. நெற்றியிலிருந்து கழுத்து வரை மூடிய பிறகு, எலும்பு முறிந்தவர்களுக்குப் போடும் மாவுக்கட்டுத் துணியை நனைத்து மேலே சுற்றினார்கள். "கஷ்டமா இருந்தா கையத் தூக்குங்கண்ணா, உடனே எடுத்தரலாம்" என்று ஆராய்ச்சிக்கூடத்து மேடத்தின் குரல் கேட்டது. பிறகு காதையும் மூடிவிட்டார்கள்.

உள்ளே இருட்டு. மூச்சு குழாயில் ஏறி இறங்கும் சத்தம் மட்டும். பசை இறுக இறுக, மூக்கு எங்கே முடிகிறது, பசை எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் போயிற்று. அப்போது ஒரு சந்தேகம் வந்தது. இது நான் விடும் மூச்சா, பக்கத்தில் யாரோ படுத்துக்கொண்டு விடும் மூச்சா? ஏனென்றால் அந்தச் சத்தத்தை நான் முன்பே கேட்டிருந்தேன். பெங்களூர் ஒக்கலிபுரத்தில் என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்தவன் தன் கடைசி மாதங்களில் இப்படித்தான், மெல்லிய குழாய் ஒன்றின் வழியாக இழுப்பவன் போல, மூச்சு வாங்கினான்.

கையைத் தூக்கவில்லை. பாதியில் எடுத்தால் மறுபடி முதலிலிருந்து பூச வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

அவனும் நானும் சமையலறை மேடைக்குக் கல் வெட்டும் யார்டில் வேலை செய்தவர்கள். மலையில் வெட்டிய கல் அல்ல. கல்மாவையும் பிசினையும் கலந்து அழுத்திச் செய்யும் பலகை. புது அபார்ட்மெண்டுகளில் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். சிங்க்குக்கு ஓட்டை போடுவதும் ஓரத்தை இழைப்பதும் எங்கள் வேலை. தண்ணீர் விட்டுத்தான் வெட்ட வேண்டும். ஆனால் வீடுகளுக்குப் போய்ப் பொருத்தும்போது, தரை பாழாகும் என்று வீட்டுக்காரர் முகத்தைச் சுளிப்பார். காய்ந்த கல்லையே வெட்டுவோம். அறை முழுக்க வெள்ளையாகிவிடும். மாஸ்க் கொடுத்திருந்தார்கள், போட்டுக்கொண்டும் இருந்தோம். சாயங்காலம் கழற்றினால் மூக்கின் இரண்டு பக்கமும், கன்னத்தின் குழியிலும், மாஸ்க்குக்கு உள்ளேயே வெள்ளைக் கோடுகள் இருக்கும். அதற்கு விபூதி என்று பெயர் வைத்திருந்தோம்.

"இன்னிக்கு உனக்குத்தான்டா பட்டை பெருசு, பண்டாரம்" என்பான் அவன்.

"உனக்கு மட்டும் என்ன? தேவாரம் பாடினா தட்டுல காசு உழும்" என்பேன் நான்.

அந்தக் கோடு என்ன சொல்கிறது என்று இரண்டு பேருக்கும் புரியவில்லை. அவனுக்கு நுரையீரல் முழுக்கக் கல் தூசி என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது, பக்கத்தில் நின்ற என்னையும் அந்த டாக்டர் மேலும் கீழும் பார்த்தார். "நீயும் ஒரு எக்ஸ்ரே எடுத்துக்கோ" என்றார். தலையாட்டினேன். எடுக்கவில்லை. அவன் செத்த பிறகும் எடுக்கவில்லை. யார்டை விட்டு நின்றேன், அவ்வளவுதான். எனக்குள்ளும் அது போயிருக்கிறதா? அந்த நாட்களில் நான் எங்கே போனாலும் என்னோடு வந்த கேள்வி அது ஒன்றுதான். பதில் கிடைக்கக்கூடிய இடத்துக்கு மட்டும் போகாமல் இருந்தேன்.

நான் எட்டாவதோடு நின்றவன். சேலத்தில் ஓட்டல், பிறகு லாரி கிளீனர், கோவாவில் டைல்ஸ், ஒரு வருடம் மங்களூரில் வலை இழுப்பது. ஒரு ஊரில் இரண்டு மழைக்காலம் சேர்ந்தாற்போல இருந்ததில்லை. பெங்களூரையும் விட்டுப் போயிருப்பேன். அதற்குள் மேடம் யார்டில் கொடுத்துவிட்டுப் போன கார்டு பையில் அகப்பட்டது.

மேடம் யார்டுக்கு முகம் தேடி வந்தவர். இரும்புக் கவை ஒன்றை வைத்து எங்கள் ஒவ்வொருவரின் முகத்தையும் அளந்தார். தாடை எவ்வளவு நீளம், கன்ன எலும்புக்கும் கன்னத்துக்கும் எவ்வளவு பள்ளம் என்று. எனக்கு இரண்டு பக்கமும் கடைவாய்ப் பல் கிடையாது, அதனால் கன்னம் உள்வாங்கியிருக்கும். "உங்க முகம் எனக்கு ரொம்ப வேணுங்கண்ணா" என்றார். யார்டு முழுக்கச் சிரித்தது. அதுவரை யாரும் என் முகத்தைக் கேட்டதில்லை.

அவருடைய ஆராய்ச்சிக்கூடம் தொம்மலூரில், கண்ணாடிக் கட்டடங்களுக்குப் பின்னால், பழைய ஊர்த் தெருவில் ஒரு வீட்டின் மாடியில் இருந்தது. கீழே தையல் கடை. மேடம் கோயம்புத்தூர்க்காரர். அங்கே பம்ப் கம்பெனியில், சுழலும் தண்டைச் சுற்றித் தண்ணீர் கசியாமல் பிடித்துக்கொள்ளும் சீல்களை ஆராய்ச்சி செய்தவர். கொரோனாவுக்குப் பிறகு மாஸ்க் பக்கம் வந்துவிட்டார். அவருக்கு இரண்டும் ஒரே வேலைதான். ஒன்றில் தண்ணீர் தப்பிக்கக் கூடாது, மற்றதில் காற்று.

"மாஸ்க்குத் துணி நல்லாத்தான் வடிகட்டுது. ஓரம்தான் பிரச்சனை. காத்து பெரிய சோம்பேறிங்கண்ணா. கன்னத்துல ஒரு சந்து கிடைச்சா, அது எதுக்கு மெனக்கெட்டுத் துணி வழியாப் போகப்போகுது?"

அப்போதுதான் விபூதிக் கோடு எனக்கு விளங்கியது. தூசி நுழைந்து போன பாதை அது. அதைப் பார்த்து நாங்கள் கேலி பேசிக்கொண்டிருந்தோம்.

வேலை இதுதான். கண்ணாடியால் ஆன சிறிய அறை. அதற்குள் ஒரு மெஷின் உப்புத் தண்ணீரைத் தெளித்துக் காயவைத்து, கண்ணுக்குத் தெரியாத தூசியாக நிரப்பும். வெளியே வந்து புறங்கையை நக்கினால் கரிக்கும், அதை வைத்துத்தான் உள்ளே உப்பு இருந்ததென்று நமக்குத் தெரியும். மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு நான் நடுவில் நிற்பேன். மாஸ்க்குக்கு உள்ளே இருந்து ஒரு டியூப், வெளியே இருந்து ஒரு டியூப். இரண்டு பக்கமும் எவ்வளவு உப்பு என்று எண்ணி, திரையில் ஒரு எண் காட்டும். எண் பெரிதாக இருந்தால் மாஸ்க் முகத்தோடு ஒட்டியிருக்கிறது. சிறிதாக இருந்தால் எங்கோ சந்து. தலையைத் திருப்பு, குனி, நிமிர், பேசு என்பார் மேடம். என்ன பேசுவதென்று தெரியாமல் மங்களூர் மீன்களின் பெயர்களைச் சொல்வேன்.

அச்செடுத்துக் கொஞ்ச நாளில் அதில் வார்த்த தலை வந்தது. சாம்பல் நிற ரப்பர். தொட்டால் தோல் மாதிரியே அமுங்கும். பசைக்குள் கண்ணை மூடியிருந்தேன் இல்லையா, அதனால் அதற்கும் கண் மூடியிருந்தது. கழுத்துக்குக் கீழே ஒரு இரும்புத் தண்டு. பின்மண்டையிலிருந்து ஒரு குழாய் போய், துருத்தி போல இயங்கும் பெட்டியில் சேரும். வெறும் காற்று போதாது என்று சூடும் ஈரமும் சேர்த்திருந்தார்கள். அதன் மூக்குக்கு நேராகக் கண்ணாடியைப் பிடித்தால் பனி படரும்.

அது விடுவது யாரோ ஒருவரின் மூச்சும் அல்ல. நான் சேர்ந்த வாரத்தில் மார்பில் பெல்ட் கட்டி, மூக்கில் குழாய் வைத்து, சும்மா உட்காரச் சொல்லிப் பதிவு செய்த என் மூச்சு. எனக்கு நடுநடுவே ஒரு பெருமூச்சு விடும் பழக்கம் உண்டு. அதையும் சேர்த்தே பதிவு செய்துவிட்டார்கள்.

ஆராய்ச்சிக்கூடத்தைப் பெருக்கித் துடைத்து, டீ போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக மெஷின்களை ஆன் ஆஃப் செய்யவும் கற்றுக்கொண்ட ஒரு அக்கா இருந்தார். தொம்மலூரிலேயே பிறந்த தமிழ்க்காரர், பாதிப் பேச்சு கன்னடம். முதல் நாள் தலையைத் துடைக்கப் போனவர் துணியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"அய்யோ கர்மவே! உன் தலை பெருமூச்சு விடுதுப்பா. அதுக்கு இன்னா கவலை?"

பிறகு பழகிக்கொண்டார். தினமும் காலையில் அதைப் பார்த்து "காபி ஆய்த்தா?" என்று, காபி குடித்தாயா என்று கன்னடத்தில், கேட்டுவிட்டுத்தான் எனக்கு டீ கொடுப்பார்.

காலையில் முதல் சோதனை தலைக்கு. தராசுக்கு எடைக்கல் எப்படியோ, ஆராய்ச்சிக்கூடத்துக்குத் தலை அப்படி. அதற்கு எண் சரியாக வந்தால் மெஷின்கள் சரி. அடுத்தது நான். அதற்குப் பிறகுதான் மேடத்தின் புதுப் புது மாஸ்க்குகள். என் முறை வரும்வரை தலைக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரின் மூச்சும் ஒன்றாகிவிடும். நான் அதற்கு ஒத்துப்போகிறேனா, அது எனக்கு ஒத்துப்போகிறதா என்று தெரியாது. பெருமூச்சு வரும் இடத்தில் இரண்டு பேரும் சேர்ந்து விடுவோம்.

இப்படியே ஒரு வருடம் போல ஓடியது. மேடம் ஒரு மாஸ்க்கை முடிக்கும் கட்டத்துக்கு வந்திருந்தார். குழிந்த கன்னத்துக்கும் ஒட்டும் அகலமான, மெத்தென்ற ஓரம். தலையிலும் நல்ல எண், என்னிடமும் நல்ல எண். அப்போதுதான் ஆயுத பூஜை வந்தது.

பெங்களூரில் அன்று பூஜை நடக்காத மெஷின் கிடையாது. வாசலில் வாழைக்கன்று, தட்டில் பொரி, பழம். கம்ப்ரஸர், வாக்குவம் பம்ப், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், செவந்தி மாலை. அக்காதான் வரிசையாகப் போட்டுக்கொண்டே வந்தார். தலைக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். கையில் மாலை.

"இதுக்கும் போடணுமா மேடம்?"

"எல்லாத்துக்கும் போடுங்கக்கா. அதுவும் மெஷின்தானுங்க."

"மெஷினு சரி. மூஞ்சி இவனுதாச்சே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உயிரோடு இருப்பவனின் படத்துக்கு யாரும் மாலை போடுவதில்லை. அது எனக்கும் தெரியும். தெரிந்தும் சிரித்தேன்.

"போடுங்கக்கா. எனக்கு வேற யாரு மாலை போடப் போறா? கல்யாணமும் ஆவல, எலெக்‌ஷன்லயும் நிக்கல."

சிரிப்பு எழுந்தது. அக்கா நெற்றியில் குங்குமம் வைத்து, மாலையைப் போட்டார். சாம்பல் நிறம், மூடிய கண், மாலை. அதே மாதிரி ஒரு முகத்தை நான் போன வருடம் ஒக்கலிபுரத்தில் பார்த்திருந்தேன்.

பூஜை முடிந்ததும் ஒவ்வொரு மெஷினையும் கொஞ்ச நேரம் ஓடவிடுவது வழக்கம். தலையின் பெட்டியையும் யாரோ தட்டிவிட்டார்கள். அக்கா கற்பூரத் தட்டோடு அதற்கு நேராக நின்றிருந்தார். செவந்தி இதழ்கள் அதன் வாய்க்கு முன்னால் லேசாக ஆடின. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. அப்புறம் பெருமூச்சு வந்தது. அணையும் நிலையில் இருந்த கற்பூரம் சாய்ந்து, அணைந்தே போனது.

மேடம்தான் "காத்து, காத்து, ஒண்ணுமில்லீங்க" என்று ஃபேனை நிறுத்தினார். ஃபேன் ஓடிக்கொண்டிருந்ததா என்று எனக்கு ஞாபகமில்லை.

பூஜை கழிந்து சில வாரங்களில் என் எண் இறங்க ஆரம்பித்தது.

தலைக்குச் சரியாக வந்தது. அதே மாஸ்க்கை எனக்குப் போட்டால் தேறவில்லை. மேடம் டியூப்களை மாற்றினார். உப்பு மெஷினைக் கழற்றிக் கழுவினார். மாஸ்க் தைத்த இடத்தில் சண்டை போட்டு, ஒரு பெட்டி முழுக்கத் திருப்பி அனுப்பினார். முளைத்த தாடி காரணமோ என்று என்னை மறுபடி ஷேவ் செய்யச் சொன்னார். எண்ணும் மெஷினையே சர்வீஸுக்கு அனுப்பி வரவழைத்தார். ஒவ்வொரு முறையும் முதலில் தலையில் வைத்துப் பார்ப்பார். தலை தேறும். தலை தேறினால் மாஸ்க் சரி. மாஸ்க் சரியென்றால் மெஷின் தப்பு. மெஷினைத் தலையில் வைத்துப் பார்த்தால் அதுவும் சரி. செக்கு மாடு மாதிரி இதற்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தார். மேடம் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

எனக்கு வேறு ஒரு தொல்லை. தலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் மூச்சு ஒன்றாகவில்லை. நான் முன்னால் ஓடினேன். அது ஒரு மூச்சை இழுத்து முடிப்பதற்குள் நான் அடுத்ததைத் தொடங்கிவிடுவேன். நிறுத்திப் பிடித்து அதற்காகக் காத்திருக்கப் பார்த்தேன். நெஞ்சு அடைத்தது.

"மேடம், தலை மெதுவாயிடுச்சு" என்றேன்.

அவர் கம்ப்யூட்டரில் பார்த்தார். "இல்லீங்கண்ணா. அதே வேகந்தான்."

"நல்லாப் பாருங்க. இழுத்து இழுத்து வுடுது."

இன்னொரு முறையும் பார்த்தார். "போன வருசம் பதிவு பண்ணுன அதே மூச்சுங்கண்ணா. மாறவே மாறாது."

அதற்குப் பிறகு நான் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டேன். அப்படியும் அது கேட்டது. போன வருடத்து நான், கண்ணை மூடிக்கொண்டு, எந்த அவசரமும் இல்லாமல், என் பக்கத்தில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தேன்.

இருமல் இருந்தது. உப்பு அறையால் என்று வைத்துக்கொண்டேன். பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டேன். மெஸ் சாப்பாடு சரியில்லை என்று வைத்துக்கொண்டேன். தலையணை வேர்வையில் நனைந்தது. பெங்களூரில் இப்போது முன்போல் குளிர் ஏது என்று வைத்துக்கொண்டேன். எனக்கு எதுவும் தெரியாது என்று சொன்னால் அது பொய்.

அக்கா வேறு முடிவுக்கு வந்திருந்தார். ஒருநாள் டீயைக் கொடுத்துவிட்டு நகராமல் நின்றார்.

"நான்தான்பா போட்டேன் அந்த மாலைய. கையில எடுக்கும்போதே மனசு வேணா வேணான்னுச்சு. சும்னே இருந்திருக்கணும்."

"அட போங்கக்கா. ரப்பருக்குப் போட்டா எனக்கு இன்னா?"

"ரப்பரா? கற்பூரத்த ஊதி அணைச்சது ரப்பரா?"

அடுத்த வாரம், நான் பேங்க் வேலையாக வெளியே போயிருந்த நேரத்தில், அவர் தெருமுனைக் கோயிலுக்குப் போய்க் கறுப்புக் கயிறு மந்திரித்து வாங்கி வந்திருக்கிறார். நான் திரும்பி வந்தபோது தலையின் கழுத்தில் கயிறு. இன்னொன்று அவர் கையில்.

மேடம் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். "ஏனுங்கக்கா, தலைக்கு எதுக்குக் கயிறு?"

"பூசாரியத்தான் கேட்டேன் மேடம், யாருக்குக் கட்றதுன்னு. எதுக்கு உசிரு இருக்குதோ அதுக்குக் கட்டுன்னாரு. ரெண்டும்தான் மூச்சு விடுது. நான் எதைன்னு கண்டேன்? ரெண்டுக்கும் வாங்கிட்டேன்."

மேடம் சிரித்துவிட்டார். பல நாளுக்குப் பிறகு அன்றுதான் அவர் சிரித்ததைப் பார்த்தேன். நானும் கழுத்தை நீட்டினேன். அக்கா எனக்குக் கட்டி முடிச்சுப் போட்டு, பின்னால் நகர்ந்து பார்த்தார். முகம் சுருங்கியது.

"இதென்னப்பா, தொங்குது? நீ இல்லையேன்னு உன் தலை கழுத்துலதான் அளவு எடுத்தேன். ரெண்டையும் ஒரே அளவா வெட்டுனேன். அதுக்குச் சரியா இருக்குது பாரு."

தலையின் கழுத்தில் கயிறு ஒட்டிக்கொண்டிருந்தது. என் கழுத்தில் எலும்புக்குக் கீழே வந்து தொங்கியது.

மேடத்தின் சிரிப்பு அப்படியே நின்றது. அவர் கயிற்றைப் பார்க்கவில்லை. என் கன்னத்தையும் தலையின் கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை நான் மறக்க மாட்டேன். தினமும் பார்க்கும் ஒருவரை அன்றுதான் முதல் தடவையாகப் பார்ப்பவர் போல.

"உக்காருங்கண்ணா" என்றார். குரல் இறங்கியிருந்தது.

வெளிச்சத்தை அடித்து முகத்தை அளக்கும் கருவி ஒன்று இருந்தது. கையில் பிடித்து என் தலையைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு திரையில் தலையின் உருவத்தைப் போட்டு, அதன் மேல் என் உருவத்தைப் போட்டார். பழைய முகம் நீலக் கண்ணாடி போலத் தெரிந்தது. அதற்குள், எல்லாப் பக்கமும் சிறு இடைவெளி விட்டு, சிவப்பாக இன்னொரு முகம். ஓட்டுக்குள் வற்றிப்போன புளியம்பழம் மாதிரி. கன்னத்தில் இடைவெளி இரண்டு தீக்குச்சிக் கனம் இருக்கும். காற்று சோம்பேறி. அதற்கு அவ்வளவு சந்து போதும்.

மேடம் திரையில் அந்த இடைவெளியை விரலால் தொட்டுக் காட்டினார். "பம்ப்புல இரும்பு இளைக்காதுங்கண்ணா. சீல் தேயும், ஸ்பிரிங் தளரும்னுதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க. நானும் அதையே தேடிட்டு இருந்துட்டேன். உங்க முகம்தான் இளைக்குதுன்னு மாஸ்க் ஆரம்பத்துல இருந்து சரியாத்தான் சொல்லிட்டு இருந்துருக்குது." நாற்காலியைத் திருப்பினார். "நீங்க எக்ஸ்ரே எப்ப எடுத்தீங்க?"

அந்தக் கேள்வி வரும் இடத்துக்கு நான் போகாமல் இருந்தேன். கடைசியில் அதுவே மாடி ஏறி வந்துவிட்டது.

மறுநாள் மேடமே ஆட்டோவில் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். மார்பு நோய்ப் பிரிவில் பெஞ்சுகள் நிறைந்திருந்தன. டோக்கனை வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தேன். எதிர்ப் பெஞ்சில் என் முகம். தூணருகே நின்றவருக்கு என் முகம். தள்ளுநாற்காலியில் இருந்த கிழவருக்கு, அவர் பக்கத்தில் மடியில் பையை வைத்துக்கொண்டிருந்த பெண்ணுக்குக்கூட, அதே கன்னம், அதே தாடை. முந்தின நாள் திரையில் பார்த்த சிவப்பு முகத்தை யாரோ அச்சில் போட்டு எடுத்து உட்கார்த்தி வைத்தது போல. ஒவ்வொருவர் காதிலும் ஒரு மாஸ்க் தொங்கிக்கொண்டிருந்தது. பெரும்பாலானவர்களுக்குக் கன்னத்தோரம் விரலை விடலாம்.

மேடமும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எக்ஸ்ரேயை விளக்குக்கு முன்னால் மாட்டிவிட்டு டாக்டர் என்னைக் கிட்டே கூப்பிட்டார். கடுகு இறைத்தாற்போல இரண்டு பக்கமும் புள்ளிகள். மேலே ஒரு இடத்தில் மேகம் மாதிரி. சளியையும் பரிசோதித்துவிட்டுச் சொன்னார். மேகம் டிபி. புள்ளி, கல். தூசி உட்கார்ந்த நுரையீரலுக்கு டிபி சுலபமாக வரும். "டிபி போயிடும். மாத்திரையை ஒருநாள் விடாம சாப்பிடணும். தூசி போகாது. அப்படியே நிக்கலாம், கூடவும் கூடலாம். ஆறு மாசத்துக்கு ஒருமுறை வந்து காட்டு."

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பசித்தது. மேடம் வாங்கிக் கொடுத்த இட்லியைச் சாப்பிட்டேன். எனக்குள் அது போயிருக்கிறதா என்ற கேள்வி முடிந்துவிட்டது. அது இருந்த இடத்தில் எவ்வளவு நாள் என்று இன்னொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. அறைத் தோழன் போய் இன்னொருவன் வந்த மாதிரி.

மேடத்துக்கும் அக்காவுக்கும் மற்றவர்களுக்கும் பரிசோதனை செய்தார்கள். யாருக்கும் ஒன்றுமில்லை. அக்கா கோயிலில் பொங்கல் வைத்தார். மாலையால் வந்த நோய் கயிற்றால் வெளியே தெரிந்தது என்பது அவர் கணக்கு.

மாத்திரை ஆரம்பித்துச் சில வாரங்கள் நான் அறையிலேயே இருந்தேன். இனிமேல் மற்றவர்களுக்குத் தொற்றாது என்று டாக்டர் சொன்ன பிறகு மேடம் பார்க்க வந்தார். வாசல்படியில் நின்று, ஆரஞ்சுப் பையைக் கைமாற்றிக்கொண்டே இருந்தார்.

"அண்ணா, கேக்கவே வாய் வரல. நான் பண்ணுன மாஸ்க் உங்க பழைய முகத்துக்குத்தான் ஒட்டுது. ஆஸ்பத்திரில பாத்தமே, அவங்க யாருக்கும் அந்த முகம் இல்ல. எனக்கு..."

அவர் முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. "இந்த முகத்தையும் சீக்கிரம் எடுங்க மேடம். மாத்திரை வேலை செய்யுது, பசி எடுக்குது. இன்னும் ரெண்டு மாசம் போனா கன்னம் வந்துடும்."

அவர் சிரிக்கப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இந்த முறை பசை இல்லை, ஸ்ட்ரா இல்லை. வெளிச்சம் அடித்தே எடுத்தார்கள். அதனால் இரண்டாவது தலைக்குக் கண் திறந்திருக்கிறது. மூச்சும் புதிதாகப் பதிவு செய்தார்கள். அவசரமான, மேலோட்டமான மூச்சு. பெருமூச்சு அதில் இல்லை. பெருமூச்சு விட இடமில்லாமல் இருந்த நாட்கள் அவை.

மேடத்தின் மாஸ்க் அந்தத் தலையில் ஒட்ட ஆரம்பிக்கப் பல மாதம் பிடித்தது. இன்னும் எல்லா முகத்துக்கும் ஒட்டுவதில்லை. ஒரு பெட்டி என் பழைய யார்டுக்கும் போயிருக்கிறது. போட்டுக்கொள்கிறார்களா, கழுத்தில் தொங்கவிடுகிறார்களா என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

அடுத்த ஆயுத பூஜைக்குள் எனக்கு உடம்பு தேறிவிட்டது. சாப்பிட்ட சாப்பாட்டில் முதல் தலையை விடவும் கொஞ்சம் உப்பலாக. அக்கா மாலைக் கூடையோடு வந்து, கம்ப்ரஸரைத் தாண்டி, பம்பைத் தாண்டி, நேராக என்னிடம் வந்தார்.

"குனி."

"எனக்கு எதுக்குக்கா?"

"குனிடா. உசிரோட இருக்கிறவன் கழுத்துல போட்டா அது மரியாதை. உனக்குப் போட்டுட்டுத்தான் அதுங்களுக்கு."

குனிந்தேன். செவந்தி ஈரமாக இருந்தது. தலைகளுக்கு அந்த வருடம் குங்குமம் மட்டும் வைத்தார், கற்பூரத் தட்டைத் தூரமாகவே காட்டினார்.

பெங்களூரில் தொடர்ந்து இத்தனை மழைக்காலம் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுக்கிறேன். போன முறை, புள்ளி கூடவில்லை என்றார்கள். ஆனால் அதற்கு நடுவே உள்ள நாட்களுக்கு எக்ஸ்ரே கிடையாது. அதனால் காலையில் வேலைக்கு வந்ததும் இரண்டு தலைகளையும் ஓடவிட்டு, நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். இடது பக்கம் கண் மூடியவன், நிதானமாக. வலது பக்கம் கண் திறந்தவன், ஓட்டமாக. நான் எதுவும் செய்யாமல், என் மூச்சு எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டுக்கொண்டிருப்பேன். சில நாள் இடது. மழை நாட்களிலும் மாடிப்படி ஏறி வந்த உடனேயும், வலது. மாடி ஏறியதால்தான் என்று சொல்லிக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் உட்காருவேன்.

இன்றைக்குக் காலையும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். அக்கா துடைப்பத்தோடு வந்து எங்கள் மூன்று பேரையும் பார்த்து "காபி ஆய்த்தா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இடது பக்கம் பெருமூச்சு வந்தது. ஒரு கணம் கழித்து எனக்கும் வந்தது. முழுசாக, அடிவயிறு வரைக்கும். வலது பக்கத்தில் இருப்பவன் மட்டும், திறந்த கண்ணோடு, ஓடிக்கொண்டே இருந்தான்.